விமானத்தில் காது அடைப்பது ஏன்?

ஊருக்கு விமானத்தில் போய்வரும் நம் சங்கத்து அன்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரயில்வேயில் கம்ப்ரஸர்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

35,000 அடி உயரத்தில் வெளியே குளிர் மைனஸ் 54 டிகிரி. காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். காற்றை அழுத்தினால் சூடேறும். ரயில் எஞ்சினில் பிரேக் கம்ப்ரஸர் குழாயைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். பெரும்பாலான விமானங்களில், எஞ்சின் அழுத்திய சூடான காற்றில் ஒரு பகுதியைத் தேவையான அளவு குளிர்வித்து உள்ளே விடுகிறார்கள். கதகதப்பு, அழுத்தம் இரண்டும் அதிலேயே கிடைக்கின்றன. 2018 செப்டம்பரில் மும்பை–ஜெய்ப்பூர் விமானமொன்றில் இதற்கான சுவிட்சைப் போட மறந்ததால், சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது.

எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் உள்ள அளவே இருக்கும். இறங்கும்போது அது கூடுவதால் காது அடைக்கிறது. எச்சில் விழுங்கினால் தொண்டையையும் காதையும் இணைக்கும் குழல் திறந்துகொள்ளும். ஆகவே இறக்கம் தொடங்கியதும் கைக்குழந்தையை எழுப்பிப் பால் கொடுங்கள். பெரியவர்கள் மிட்டாய் சப்பலாம். கடுமையான சளி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஆக்ஸிஜன் முகமூடி கீழே தொங்கினால் முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு, பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது?