ஐந்து வட்டி

வட்டிக் கணக்குப் போடத் தெரியாத உபாத்தியாயர் ஒருவர் இருந்தால் அவரை உபாத்தியாயர் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் இருபது வருஷமாக வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தனி வட்டி, கூட்டு வட்டி, அசல், காலம், வீதம் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆயினும் வட்டி என்றால் என்னவென்று எனக்குக் கற்பித்தவன் எட்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன்தான்.

பத்தாயிரம் ரூபாய்க்கு ஐந்து வட்டி வீதம் ஒரு வருஷத்துக்குத் தனி வட்டி என்ன என்று அன்று கேட்டிருந்தேன். "ஐந்நூறு!" என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லிற்று. அந்தப் பையன் மட்டும் எழுந்து நின்றான். "ஐந்நூறு ஒரு மாதத்துக்குத்தானே, ஸார்?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். "எங்கள் அப்பா ஐந்து வட்டிக்கு இருபதாயிரம் வாங்கியிருக்கிறார். மாதம் பிறந்தால் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார், ஸார்" என்றான் அவன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நேயர்களே, அவன் சொன்னதில் பிசகு ஒன்றுமில்லை. பிசகு என்னுடையது. நம் ஊரில் வட்டிக்கு இரண்டு பாஷைகள் உண்டு. புத்தகமும் வங்கியும் பேசுவது வருஷக் கணக்கு. கடைத்தெரு பேசுவது மாதக் கணக்கு. கடைத்தெருவில் 'இரண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வருஷத்துக்கு 24 சதவிகிதம். 'ஐந்து வட்டி' 60 சதவிகிதம். 'பத்து வட்டி' என்று கூசாமல் சொல்கிறார்களே, அது 120! சொல்லுகிற எண் சின்னதாக இருப்பதால் கேட்பவருக்கும் கடன் சின்னதாகவே தோன்றுகிறது. இந்த இரண்டு பாஷைகளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக இருக்கவேண்டிய நான், ஒரு பாஷையை மட்டும் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கி வந்திருக்கிறேன்.

தண்டல் என்பது இன்னும் சாமர்த்தியமான ஏற்பாடு. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். 'நூற்றுக்குப் பத்துதானே!' என்று தோன்றும். ஆனால் ஒன்பதாயிரமும் நூறு நாளும் நம் கையில் இருக்கிறதா? நாள்தோறும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருப்பது நாலாயிரத்தைந்நூறு, அதற்கு நூறு நாள் வட்டி ஆயிரம். வருஷ வீதமாக்கினால் எண்பதை நெருங்குகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அநியாய வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷமே வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தண்டற்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்.

மறுநாள் மாலை அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் தையற்காரர். துணியில் கால் அங்குலம் பிசகாதவர். தாயாரின் வைத்தியத்துக்காக வாங்கிய கடன் அது. இருபது மாதம் கட்டியாகிவிட்டது. "இதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். அதுவரை அவர் கூட்டிப் பார்த்ததே இல்லை. இருபதாயிரம் கொடுத்தாகிவிட்டது, அசல் இருபதாயிரம் அப்படியே நிற்கிறது. "கொடுத்தவர் நல்ல மனுஷர், ஸார். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினேன், எடுத்துக் கொடுத்தார்" என்றார். அதையும் நான் மறுக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு எந்த வங்கி கதவைத் திறக்கிறது?

வீட்டில் அந்த அம்மாளின் சங்கிலி ஒன்று இருந்தது. அதை வங்கியில் அடகு வைத்தால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாயை ஒட்டிய வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்று சொன்னேன். "வங்கியில் வைத்தால் நகை திரும்பி வருமா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "அதெல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்குத்தானே?" என்றார் அவர். சங்கிலியை வைத்துக்கொண்டு அறுபது சதவிகித வட்டி கொடுத்து வந்ததற்குக் காரணம் இந்த இரண்டு கேள்விகள்தாம். பையனை ஒரு காகிதம் எடுத்துவரச் சொன்னேன். அதே ஆயிரம் ரூபாயை மாதந்தோறும் வங்கியில் கட்டினால் என்ன ஆகும் என்று அவனையே போடச் சொன்னேன். முதல் மாத வட்டி 167 ரூபாய். மீதி 833 அசலில் கழியும். அடுத்த மாதம் வட்டி இன்னும் குறையும். போட்டுக்கொண்டே போனான். இருபத்திரண்டாவது மாதத்தில் கடன் பூஜ்யத்தைத் தொட்டது. தகப்பனார் அந்தக் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்த என் கதையையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு கம்பெனியில் லட்ச ரூபாய் கடன் வாங்கியிருந்தேன். மூன்று வருஷத் தவணை, வட்டி 12 சதவிகிதம், மாதம் 3,778 ரூபாய். பட்டதாரியாகிய நான் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேனே தவிரக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பையனோடு போட்ட கணக்கு மண்டையில் குடைந்துகொண்டிருந்ததால் அன்றிரவு பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷமும் முழு லட்சத்துக்கே வட்டி போட்டிருந்தார்கள், மொத்தம் 36,000. குறைந்துவரும் பாக்கிக்கு அதே 12 சதவிகிதம் போட்டிருந்தால் வட்டி ஏறத்தாழ 19,600-தான். நான் கொடுத்தது உண்மையில் 21 சதவிகிதத்துக்குமேல்! தையற்காரரைப் பார்த்துப் பரிதாபப்பட்ட எனக்கு, அன்றிரவு என் சகதர்மிணியின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாயிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து என் முன் வைத்தாள்.

அதில் ஒரு மாதம் ஒன்று விடாமல் எழுதினோம். பால், மளிகை, வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. எதிர்பாராதது கைப்பேசியில் தட்டிய சில்லறைச் செலவு: டீ, பஜ்ஜி, ஆட்டோ, இருபதும் முப்பதுமாக 2,860 ரூபாய்! நோட்டை எடுத்துக் கொடுத்தால் கை ஒரு கணமாவது தயங்கும். கைப்பேசியைத் தட்டுகிற விரலுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அதில் பாதியை நிறுத்தி, தபாலாபீஸில் தொடர் வைப்பில் போட ஆரம்பித்தோம். மூன்று மாதக் குடும்பச் செலவு சேரும்வரை வேறெந்தச் சேமிப்பும் இல்லை என்று முடிவு. தையற்காரரின் கையில் அப்படிப்பட்ட தொகை இருந்திருந்தால் அவர் ராத்திரி பத்து மணிக்கு எவர் கதவையும் தட்டியிருக்க வேண்டியதில்லை.

பணத்தை எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரர் நிறுவனம் இருந்தது. பெரிய மனிதர்களெல்லாம் அதை மலைபோல் நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். 1906-ல் அது கவிழ்ந்தபோது பல குடும்பங்களின் ஆயுட்காலச் சேமிப்பு போய்விட்டது. நம்முடைய வங்கி ஒன்று வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முனைந்ததும், 1907-ல் இந்தியன் வங்கி பிறந்ததும் அதன் பிறகுதான். இன்று வங்கி வைப்புக்குக் காப்பீடு இருக்கிறது. 2020 முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்ந்து ஐந்து லட்சம் வரை. சீட்டுக்கும் நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்துக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. சீட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் சீட்டுப் பணத்தில்தான் நடந்தது. ஆனால் பதிவு செய்த சீட்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் எட்டாம் வகுப்புக்கு நான் பாடப் புத்தகத்தைத் திறப்பதில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து மின்சாரப் பில், அடகுச் சீட்டு, தவணைப் புத்தகம் என்று கொண்டுவருகிறார்கள். பெயரை மறைத்துவிட்டுக் கணக்குப் போடுகிறோம். 'வீட்டு ரகசியத்தைப் பள்ளிக்கூடத்தில் அம்பலமாக்குகிறீரே!' என்று ஒரு பெற்றோர் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயந்தான். அவர் வீட்டுக் காகிதம் மட்டும் வருவதில்லை.

தையற்காரரின் சங்கிலி வங்கியில் இருக்கிறது. பத்து மாதம் கட்டியாகிவிட்டது. பாக்கி பதினோராயிரத்துச் சொச்சம். வருஷம் முடிந்ததும் கடனைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்த எண்ணைப் பையன் ஒவ்வொரு மாதமும் கடைச் சுவரில் சாக்குக் கட்டியால் அழித்து எழுதுகிறான். துணி கொடுக்க வருகிறவர்கள் அது என்ன எண் என்று கேட்கிறார்களாம்.