நகராத ரயிலும் நிற்காத ரயிலும்

ஆரணி ஊருக்குள் ரயில் கிடையாது. 'ஆரணி ரோடு' என்று பலகை வைத்த ஸ்டேஷன், தள்ளி களம்பூரில் இருக்கிறது. ஆனால், ஆரணியில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் தினமும் ரயில் ஓடுகிறது. ஒரு பக்கம் குழித்தறியில் அக்கா வீட்டுக்காரர் பட்டுச்சேலை நெய்கிறார். இன்னொரு பக்கம் மருமகன், 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச சிமுலேட்டரில் சரக்கு ரயில் ஓட்டுகிறான்.

போன வாரம் போனபோது பையன் முகம் தொங்கிக் கிடந்தது. "வண்டி நகரவே மாட்டேங்குது மாமா. பிரேக்கை விட்டுட்டேன். இன்ஜின் உறுமுது, சக்கரம் அசையல."

புதிதாக ஓட்டுகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். காற்று போனால் பிரேக் பிடிக்கும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால், ரயிலில் அப்படித்தான். நீளத்துக்கும் ஓடும் பிரேக் பைப்பில் காற்று நிறைந்தால் பிரேக் விடும்; குறைந்தால் பிடிக்கும். நம் ரயில்களில் நிறைந்த அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் கொண்டுவந்த முதல் ஏர் பிரேக்கில், குழாய் பிய்ந்தால் பிரேக்கே இல்லை. அதைத் தலைகீழாக்கி, 1872-ல் இந்த முறையைக் கொண்டுவந்தார். இப்போது பெட்டி கழன்றால் ரயில் தானாக நிற்கும்.

எனவே முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். எஃப்5 பட்டனைத் தட்டினால் கணக்கு திரையில் வரும். இன்ஜினுக்கு மட்டுமான தனி பிரேக் விட்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கும் விட்டாயிற்று. ஆனால், கடைசி வேகனில் அழுத்தம் ஏறவே இல்லை. ஷிஃப்டோடு சாய்கோட்டை அழுத்தினால் மொத்தமும் நொடியில் சரியாகிவிடும். "அது திருட்டு மாமா" என்றான். பிழைக்கத் தெரியாத பிள்ளை!

தறியிலிருந்து குரல் வந்தது. "பாவு முனையைக் கட்டாம விட்டா இழுப்பு நிக்குமா? கடைசியில போய்ப் பாருடா."

எஃப்9 திறந்து கடைசி வேகனைப் பார்த்தான். பின்னால் ஒரு வேகனைக் கழற்றியவன், குழாய் முனையிலிருக்கும் ஆங்கிள் காக்கை மூட மறந்திருக்கிறான். இன்ஜின் ஊதிய காற்றெல்லாம் அந்த வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. மூடியதும் அழுத்தம் மெல்ல ஏறியது. வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் போய், ஒரு சரிவில் நிறுத்திவிட்டு சாப்பிட வந்தான். "ஹேண்ட் பிரேக் போட்டியா?" என்றேன்.

"ஏர் பிரேக்தான் பிடிச்சிருக்கே!"

அங்கேதான் எனக்குப் பகீரென்றது. ஏர் பிரேக்கைப் பிடித்து நிறுத்துவதும் காற்றுதான். நிறுத்திவைத்த வண்டியில் அது மெல்லக் கசிந்துபோகும். முழுக்கப் போனால் பிடிக்க ஒன்றுமில்லை. 2024 பிப்ரவரி 25, ஞாயிறு காலை. ஜம்மு பக்கம் கதுவா ஸ்டேஷனில் ஜல்லி ஏற்றிய 53 வேகன் ரயில், டிரைவர் இல்லாமலே சரிவில் கிளம்பிவிட்டது. ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கியதுதான் காரணம் என்றார்கள். வழியிலுள்ள கேட்டுகளை மூடி, பாதையைக் காலி செய்தார்கள். சுமார் 70 கிலோமீட்டர் ஓடிய பிறகு, பஞ்சாபில் ஊச்சி பஸ்ஸி அருகே தண்டவாளத்தில் மரக்கட்டைகளை வைத்து நிறுத்தினார்கள். யாருக்கும் காயமில்லை. எதிரே ஒரு பயணிகள் ரயில் வந்திருந்தால்?

கேட்டுக்கொண்டிருந்த பையன், கையைக் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் போனான். பட்டனைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"எல்லா வேகனுக்கும் போட்டியா?" என்றார் அவன் அப்பா, தறியிலிருந்து எழாமல்.