சுழலும் மரமும் உருகும் வண்ணமும்

தவழும் குழந்தையின் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்தால், அது முதலில் அதனைக் குலுக்கிப் பார்க்கும். அடுத்த நொடியே வாயில் வைத்துக் கடிக்கும். எனவே, விளையாட்டுப் பொருள் செய்பவர் அதன் அழகைப் பற்றி மட்டும் எண்ணினால் போதாது. அதில் கூர்மையான விளிம்பு இருக்கக்கூடாது. வண்ணம் எச்சிலில் கரையக்கூடாது. உரிந்து வயிற்றுக்குள் செல்லவும் கூடாது. இத்தேவைகளை மனத்திற்கொண்டு, தூரிகையே இல்லாமல் மரத்திற்கு வண்ணம் ஏற்றும் கைவினை ஒன்று தென்னிந்தியாவில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. அதுவே மரக்கடைசல் கலையாகும்.

இக்கலைக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று, கர்நாடக மாநிலத்தில் உள்ள சன்னபட்ணா. பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் அமைந்துள்ளது. கன்னட மக்கள் இதனைப் 'பொம்மைகளின் ஊர்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். 18ஆம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து உள்ளூர் மக்களுக்கு இத்தொழிலைக் கற்பித்தார் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. பின்னர், பாவாஸ் மியான் என்னும் கைவினைஞர் ஜப்பானிய முறைகளையும் இதனுடன் இணைத்து வளர்த்தார் என்பர். தமிழ்நாட்டிலும் இக்கலை உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தின் அம்பாசமுத்திரத்தில் கடைந்து செய்யப்படும் மரச் சொப்புகள் பல தலைமுறைக் குழந்தைகளின் விளையாட்டுத் துணையாக இருந்துள்ளன.

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் 'கடைதல்' என்ற ஒரே சொல் வழங்குகிறது. இரண்டு வேலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது பொருத்தமாகவே தோன்றும். மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் மத்து சுழலும். பழங்காலக் கடைசல் கருவியிலும் வில்லின் நாணை மரத்துண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தே அதனைச் சுழலச் செய்தனர். கைவினைஞர் தரையில் அமர்ந்து ஒரு கையால் வில்லை இழுப்பார். மறுகையால் உளியைப் பிடிப்பார். மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மட்டுமே செதுக்க முடியும். எதிர்த்திசையில் திரும்பும்போது உளியைச் சற்று விலக்க வேண்டும். இன்று பெரும்பாலான பட்டறைகளில் மின்விசையால் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் உள்ளன. அவை மரத்தை ஒரே திசையில் தொடர்ந்து சுழற்றுவதால் வேலை விரைவாக முடிகிறது. ஆயினும், உளியை வழிநடத்துவது இன்றும் மனிதனின் கைதான்.

கடைசல் வேலைக்கு எல்லா மரமும் ஏற்றதன்று. சன்னபட்ணா கைவினைஞர்கள் வெட்பாலை மரத்தையே நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். யானைத் தந்தத்தை ஒத்த வெளிர்நிறமும் நெருக்கமான நுண்ணிய இழைகளும் கொண்ட மரம் அது. அதனை வெட்டியவுடன் கடைவதில்லை. ஈரமுள்ள மரம் காயும்போது சுருங்கும். சில நேரங்களில் வெடிக்கும். ஆகவே, மரத்துண்டுகளைச் சில மாதங்கள் உலரவைத்த பிறகே வேலையைத் தொடங்குகின்றனர். தேவை பெருகியுள்ளதால் இன்று ரப்பர் மரம் போன்ற பிற மரங்களும் பயன்படுகின்றன. மலேசியாவில் பால் வடிந்து ஓய்ந்த ரப்பர் மரம் தளவாடப் பொருளாக மறுவாழ்வு பெறுவதைப் போல, அங்கு அது பொம்மையாகவும் மாறுகிறது.

பட்டறைக்கு வருவோருக்குக் கைவினைஞர் இக்கலையைச் செய்து காட்டும்போது, வேலை மிக எளிது என்றே தோன்றும். முதலில் உலர்ந்த மரத்துண்டை இயந்திரத்தில் இறுகப் பொருத்துகிறார். இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் குழிந்த வாயுடைய உளியால் மூலைகளைச் செதுக்கித் துண்டை உருளை வடிவத்திற்குக் கொண்டுவருகிறார். பின்னர்ச் சாய்ந்த முனையுள்ள தட்டையான உளியால் வளைவுகளை உருவாக்கி மேற்பரப்பை மென்மையாக்குகிறார். மரச்சீவல்கள் நீண்ட சுருள்களாக அவர் கையின் மீது விழுகின்றன. சில நிமிடங்களில் கரடுமுரடான துண்டு ஒரு பம்பரமாகவோ கிலுகிலுப்பையின் கைப்பிடியாகவோ உருவெடுக்கிறது.

ஆனால், இந்த எளிமைக்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. உளியைத் தாங்குகட்டையின் மீது உறுதியாக ஊன்றிய பிறகே மரத்தைத் தொட வேண்டும். முதலில் உளியின் சாய்ந்த பக்கம் மரத்தில் படிய வேண்டும். அதன் பின்னரே கைப்பிடியை மெல்ல உயர்த்தி வெட்டும் விளிம்பை இறக்க வேண்டும். அவசரப்பட்டு முனையை நேராக அழுத்தினால் அது மரத்தில் சிக்கி, கையை விட்டே எகிறிவிடலாம். மேலும், வளைவுகளை எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே செதுக்க வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டிற்குச் சென்றால் மரத்தின் இழைகள் பிய்ந்துவிடும். உளி மழுங்கியிருப்பதையும் மரத்தில் விரிசல் இருப்பதையும் தேர்ந்த கைவினைஞர் ஓசையைக் கேட்டே உணர்ந்துகொள்வார்.

அடுத்து நிகழும் வண்ணமேற்றும் பணிதான் பார்ப்போரைப் பெரிதும் வியக்க வைக்கிறது. இதற்குப் பயன்படும் பொருள் அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் மிகச் சிறிய பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்காகும். மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொல்ல அரக்கு மாளிகை கட்டப்பட்டதற்குக் காரணம், அது தீயில் எளிதில் உருகி எரியும் என்பதே. அழிவுக்குத் துணைபோன அதே இயல்பு, கைவினைஞரின் கையில் அழகுக்குத் துணையாகிறது. அரக்கைச் சூடாக்கி, அதில் வண்ணப் பொருளைக் கலந்து, மாவைப் பிசைவதைப் போலப் பிசைந்து, குச்சிகளாகத் திரட்டி ஆறவைக்கின்றனர். அக்குச்சியைச் சுழலும் மரத்தின் மீது அழுத்தும்போது உராய்வினால் வெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பத்தில் அரக்கு உருகி, மரத்தின் மேல் படிகிறது. பிறகு, ஒரு துண்டுத் தாழை ஓலையைச் சுழலும் பொம்மையின் மீது அழுத்திப் பிடிக்கின்றனர். அரக்கு சீராகப் பரவி, கண்ணாடி போலப் பளபளக்கிறது. வேறு மெருகெண்ணெய் தேவைப்படுவதில்லை.

இவ்வாறு ஏற்றப்படும் வண்ணம் மரத்தோடு ஒட்டிக்கொள்வதால் எளிதில் உரிவதில்லை. எனினும், அரக்கில் கலக்கும் பொருளைப் பொறுத்தே பொம்மை பாதுகாப்பானதாக அமையும். வேதியியல் சாயங்கள் மலிவாகக் கிடைத்தபோது பல இடங்களில் இயற்கைச் சாயங்கள் கைவிடப்பட்டன. ஆந்திர மாநிலத்தின் எட்டிகொப்பகா என்னும் ஊரிலும் இதே கடைசல் கலை உண்டு. அங்கு சி. வி. ராஜூ என்பவர் விதை, வேர், பட்டை, இலை ஆகியவற்றிலிருந்து சாயம் எடுக்கும் முறைகளை மீட்டெடுக்க உழைத்தார். அப்பணிக்காக 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள் நிறமும் அவுரியிலிருந்து நீல நிறமும் பெறும் பழைய அறிவு, இன்றைய பெற்றோரின் கவலைக்கு விடையாக அமைந்தது.

இத்தனை சிறப்புகள் இருந்தும் இக்கலைஞர்களின் வாழ்க்கை எளிதாக இல்லை. நெகிழி பொம்மைகளை வார்ப்பு இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் உருவாக்கிவிடுகின்றன. அவற்றின் விலையோடு கைவினைப் பொருள் போட்டியிட முடிவதில்லை. போதிய வருமானம் கிடைக்காதபோது, கைவினைஞர்களின் பிள்ளைகள் அருகிலுள்ள பெருநகரங்களில் வேறு வேலை தேடிச் செல்கின்றனர். சன்னபட்ணா பொம்மைகளுக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. பிற இடங்களில் செய்த பொருள்களை அவ்வூரின் பெயரில் விற்பதைத் தடுக்க இக்குறியீடு உதவுகிறது. ஆனால், ஊரின் பெயரைக் காக்கும் சட்டத்தால் மட்டும் கைத்திறனைக் காத்துவிட முடியாது.

கைத்திறன் நிலைக்க வேண்டுமானால் அது ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்ல வேண்டும். உளியை எந்தக் கோணத்தில் சாய்ப்பது, அரக்கை எவ்வளவு அழுத்துவது என்பவற்றை ஏட்டில் எழுதி வைக்கலாம். ஆனால், ஏட்டைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள இயலாது. பக்கத்தில் அமர்ந்து பார்த்து, தவறு செய்து, திருத்திக்கொண்டே கற்க வேண்டும். இதனால்தான், கைவினைஞர்கள் தம் பட்டறைகளிலும் கண்காட்சிகளிலும் இக்கலையைச் செய்து காட்டுவது முக்கியத்துவம் பெறுகிறது. விலை அதிகம் என்று தயங்கும் ஒருவர், சுழலும் மரத்தின் மீது வண்ணம் உருகிப் பரவுவதைக் கண்ணால் கண்டபின், அவ்விலைக்குள் அடங்கியிருக்கும் உழைப்பை உணர்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் இளையோருள் ஒருவர் உளியைத் தாமும் பிடித்துப் பார்க்க விரும்பினால், அக்கலைக்கு இன்னொரு தலைமுறை கிடைக்கிறது.