கார் செல்லாத மலைச்சாலையில்

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் ஒரே ஒரு சாலை; நீளம் 148 கிலோமீட்டர். கோடையில் சொந்தக் கார்கள் 24-ஆவது கிலோமீட்டரில், சாவேஜ் ஆற்றுப் பாலத்தருகே திரும்பிவிட வேண்டும். தார்ச்சாலையும் அங்கேயே முடிகிறது. அதற்கப்பால் சரளைக்கல் பாதையில் பூங்காப் பேருந்துகளும், நடப்போரும், எங்களைப் போன்ற மிதிவண்டிக்காரர்களுமே.

சரளையில் பிடிமானம் கிடைக்க, அகன்ற டயர்களில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டோம். காரில்லாத சாலை கவலையில்லாத சாலை என்று எண்ணியிருந்தோம். சேபிள் கணவாய் அந்த எண்ணத்தைத் திருத்தியது. பழுப்புக் கரடிகள் மிகுந்த இடம். சாலையை விட்டு இறங்க அனுமதியில்லை. வளைவுதோறும் உரக்கப் பேசியபடியே சென்றோம் (பேச விஷயம் தீர்ந்தபின் வீட்டுக் கணக்கைக்கூட ஒப்பித்தோம்). தொலைவில் கரடியொன்று சாலையேறியதும் இறங்கி நின்றுவிட்டோம். இறக்கத்தின் வேகத்தில் கடந்துவிடலாமே என்ற ஆசை எழாமலில்லை. ஆனால், விரைந்தோடுவதைத் துரத்துவது கரடியின் இயல்பு. அது புதருக்குள் மறைய அரைமணி நேரமாயிற்று.

69-ஆவது கிலோமீட்டரில், கிழக்குக் கிளை ஆற்றருகே நின்றோம். மண்ணுள் உறைந்திருந்த பனி உருகி மலைச்சரிவு நகர்ந்ததால், அதற்கப்பால் 2021 ஆகஸ்டில் சாலை மூடப்பட்டது. மிதிவண்டி ஏற்றும் பேருந்தில் நாங்கள் முன்பதிவு செய்திருக்கவில்லை. சேபிள் கணவாயை மீண்டும் ஏறினோம், உரக்கப் பேசியபடி.