இரு மொழிப் புலவர்கள் கூடி எழுதிய பாரதம்



ஒரு மொழியை அறியாதவர் அம்மொழி நூலை மொழிபெயர்க்க முடியுமா? முடியாது என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் முகலாய மன்னர் அக்பரின் அவையில் அது நடந்தது.

அக்பர் 1556 முதல் 1605 வரை ஆண்டவர். நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டே அறிவு வளர்த்தவர். அவருடைய ஆட்சிமொழி பாரசீகம். குடிமக்களுள் மிகப் பலர் போற்றிய நூல்களோ வடமொழியில் இருந்தன. ஒருவர் நூலை மற்றவர் அறியாதிருந்தால் பகைதான் வளரும் அல்லவா? ஆகவே, 1582ஆம் ஆண்டில் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் எழுதுமாறு மன்னர் பணித்தார்.

பாரசீகப் புலவர்களுக்கு வடமொழி தெரியாது. பண்டிதர்களுக்குப் பாரசீகம் வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தது பேச்சு வழக்கிலிருந்த இந்தி. தேவமிசிரர், மதுசூதனமிசிரர் முதலிய பண்டிதர்கள் சுலோகத்தைப் படித்து, அதன் பொருளை இந்தியில் விளக்குவார்கள். நகீப் கான் முதலியோர் அதைக் கேட்டுப் பாரசீகத்தில் எழுதுவார்கள். சில இரவுகளில் மன்னரே உடனிருந்து பொருள் விளக்கியதும் உண்டு.

இப்படி உருவான நூலின் பெயர் ‘ரஸ்ம்நாமா’. ‘போர் நூல்’ என்பது அதன் பொருள். மன்னருக்கென்று எழுதிய பிரதியில் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்கள் இடம்பெற்றன. 1587இல் அபுல் ஃபசல் இதற்கு முன்னுரை எழுதினார். இரு சமயத்தாரும் உண்மையறிந்து பகை குறைய வேண்டும் என்பதே நோக்கம் என்று அதில் விளக்கினார்.

எல்லாரும் மனமுவந்து உழைத்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். புலவர்களுள் ஒருவரான பதாயூனிக்கு இப்பணி அறவே பிடிக்கவில்லை. தம் மனக்கசப்பை, மறைவாக எழுதிவந்த வரலாற்று நூலில் பதிந்து வைத்தார். ஆயினும் பாரதத்தில் தமக்குரிய பகுதியை எழுதினார். பின்னர் அரச ஆணைப்படி இராமாயணத்தையும் பாரசீகத்தில் தந்தார்.

நேயர்களே, மாறுபட்ட நம்பிக்கை உடையவர்கள் தம் கொள்கையைக் கைவிடாமலே ஒன்றாக அமரலாம். ஒருவர் சொல்ல, மற்றவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். கேட்டதைப் பிழையின்றி எழுத வேண்டும். அந்தப் பொறுமையில் பிறந்ததுதான் பாரசீக பாரதம். அதன் முடிவுரையில் நகீப் கான், தமக்குப் பொருள் சொன்ன பண்டிதர்களின் பெயர்களையும் மறவாமல் குறித்து வைத்தார்.