கட்டி தெரிந்த நாளுக்கும் முடிவு தெரியும் நாளுக்கும் நடுவில்

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். பார்த்த பிறகு என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒரு சீட்டு கைக்கு வருகிறது. மேமோகிராம் அடுத்த வியாழக்கிழமை. அதைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனை. அதன் முடிவு வர மேலும் சில நாட்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இந்த இடைப்பட்ட நாட்கள்தான் பல பெண்களை உலுக்கிவிடுகின்றன. சிகிச்சை முழுவதையும் முடித்தவர்களில்கூடச் சிலர், ஆபரேஷனைவிட அந்தக் காத்திருப்புதான் வாட்டியது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த நாட்களில் வீட்டு வேலை நிற்பதில்லை. சோறு வடிக்க வேண்டும், பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், அலுவலகத்தில் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். மனம் மட்டும் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இருக்கும் பெண்களையும் அவர்களோடு இருப்பவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பயம் வருவது இயற்கை. அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. குறித்த தேதியில் போகவிடாமல் அது உங்களைத் தடுத்துவிடவும் கூடாது.

பயம் உடம்பில் என்ன செய்கிறது

ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும், கை வியர்க்கும். பசி போய்விடும், அல்லது ஓயாமல் எதையாவது கொறிக்கத் தோன்றும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பிறகு தூக்கமே வராது. சின்ன விஷயத்துக்குப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவோம். இதெல்லாம் நோய் பரவிவிட்டதற்கான அடையாளமோ என்று சிலர் மேலும் மிரள்கிறார்கள். அப்படி இல்லை. தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தபோதும் இதே உடம்பு இப்படித்தான் நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்ளும். கட்டி அங்கேயே இருக்கிறதா, பெரிதாகிவிட்டதா என்று குளியலறையில், படுக்கையில், ஆள் இல்லாத நேரத்தில் எல்லாம் அழுத்திப் பார்ப்பது. அழுத்த அழுத்த அந்த இடம் கன்றிப்போய் வலிக்கும். முன்பு இல்லாத வலி இப்போது வந்துவிட்டதே என்று பயம் இரட்டிப்பாகும். மருத்துவர் பார்த்துவிட்டார், தேதியும் கொடுத்துவிட்டார். இனி அந்த இடத்தைக் கை தொடாமல் இருப்பதே நல்லது.

கட்டி என்றாலே புற்றுநோயா?

மார்பகத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களுக்கு அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா என்ற கட்டி. வழவழவென்று, தொட்டால் நழுவி ஓடும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், மாதவிடாய் நிற்கும் காலம்வரை நீர்க்கட்டிகள் சகஜம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மார்பு கனத்துக் கட்டிகட்டியாக இருப்பதும், முடிந்ததும் தணிவதும் ஹார்மோன் செய்யும் வேலை. பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பால் கட்டிக்கொண்டு சீழ் பிடிப்பதும் உண்டு.

பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் சந்தேகத்தின் பேரில் மார்பகச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை என்றுதான் முடிவு வருகிறது. நம் ஊரில் பெண்கள் தாமதமாக வருவதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வயதைப் பொறுத்தும் அது மாறும். ஆனாலும் நல்ல முடிவு வர நிறைய வாய்ப்பு இருக்கிறது என்பது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. அதே சமயம், என் கட்டி நழுவுகிறது, அதனால் ஒன்றுமில்லை என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு ஸ்கேனுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தொட்டுப் பார்த்து மட்டும் மருத்துவரே முடிவு சொல்வதில்லை. கையால் பரிசோதனை, படம், தேவைப்பட்டால் திசு என்று மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் சொல்கிறார்கள்.

தேதிக்குக் காத்திருப்பதும் தள்ளிப்போடுவதும்

இந்த ஒரு வாரத்துக்குள் முற்றிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எல்லோரையும் அரிக்கிறது. புற்றுநோயாகவே இருந்தாலும், கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு அது வளரப் பெரும்பாலும் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகியிருக்கும். பரிசோதனைக்காக ஓரிரு வாரம் காத்திருப்பதால் சிகிச்சையின் பலன் குறைந்துவிடுவதில்லை.

பல மாதம் தள்ளிப்போடுவது அப்படியல்ல. பொங்கல் முடியட்டும், பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று நம் வீடுகளில் எப்போதும் ஏதாவது ஒன்று முடிய வேண்டியிருக்கிறது. வெளியே பார்த்தால் அது பொறுப்பு மாதிரி இருக்கும். உள்ளே பெரும்பாலும் பயம்தான். ஒருவருக்குப் பயம் ஓயாமல் கட்டியைத் தொட்டுப் பார்க்க வைக்கிறது. இன்னொருவருக்கு அந்தப் பேச்சையே எடுக்கவிடாமல் செய்கிறது. இந்த இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அவர்கள் நிம்மதியாக இருப்பதாக வீடு நினைத்துக்கொள்ளும். சூடான ஒத்தடம், எண்ணெய்ப் பற்று என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டே தேதியைத் தவறவிடுவதும் இதில் சேர்ந்ததுதான்.

சிலவற்றுக்குக் குறித்த தேதிவரை பொறுக்க வேண்டாம். மார்பு சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடித்தால், தோல் திடீரென ஆரஞ்சுப் பழத் தோல்போலத் தடித்தால், காம்பிலிருந்து ரத்தம் வந்தால், மருத்துவமனைக்குப் போன் செய்து முன்கூட்டியே பார்க்கக் கேளுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவினால், பதற்றம்தான் என்று விட்டுவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கையில் இருக்கும் ரிப்போர்ட்டும் அதிலுள்ள எண்ணும்

நம் ஊரில் ஸ்கேன் சென்டரிலேயே கவரைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கவரைப் பிரித்து, புரியாத ஆங்கிலத்தில் கண்ணை ஓட்டி, கடைசி வரியில் உள்ள எண்ணில் போய் நிற்பார்கள். ‘பை-ராட்ஸ் 4’ என்று இருக்கும். நான்காம் நிலைப் புற்றுநோய் என்று எண்ணி அங்கேயே நொறுங்கிப்போகிறார்கள்.

இந்தக் குழப்பத்தை எப்படியாவது தீர்க்க வேண்டும். பை-ராட்ஸ் எண் புற்றுநோயின் நிலையைக் குறிப்பதில்லை. படத்தைப் பார்த்த கதிரியக்க மருத்துவர், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சிகிச்சை மருத்துவருக்குச் சொல்லும் குறியீடு அது. 0 என்றால் இந்தப் படம் மட்டும் போதவில்லை, இன்னொரு கோணத்திலோ அல்ட்ராசவுண்டிலோ பார்க்க வேண்டும். 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் அது சாதுவானது. 3 என்றால் சாதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகாது. பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள்.

4 என்பது பரந்த வீடு. நூற்றுக்கு 2 முதல் 95 வரை வாய்ப்புள்ள எல்லாமே அதற்குள் அடங்கும். அதனால்தான் அதை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். 4ஏ என்றால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இல்லை. திசுவை எடுத்துப் பார்த்துவிடுவோம் என்ற எச்சரிக்கைதான் அது. 4சி என்றால் சந்தேகம் வலுவாக இருக்கிறது என்று பொருள். 5 என்றால் புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். அப்போதும் திசுப் பரிசோதனை வந்த பிறகே முடிவு. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பது அதற்கும் பிறகு, வேறு பரிசோதனைகளில் தெரியவரும். 5 வந்த சிலருக்கு நோய் முதல் நிலையிலேயே இருப்பதும் உண்டு.

கவரைப் பிரிக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். யாரால் முடியும்? பிரித்தால் அந்த எண் எதைச் சொல்கிறது என்பது தெரிந்திருக்கட்டும். ஒவ்வொரு வரியையும் கூகுளில் போட்டுத் தேடினால் எங்கோ யாருக்கோ நடந்த மோசமான கதைதான் முதலில் வந்து நிற்கும். அந்தக் கதையில் இருப்பவரின் வயது, கட்டியின் தன்மை, அவர் எப்போது மருத்துவரிடம் போனார் என்ற எதுவும் உங்களோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஊசி குத்தினால் பரவிவிடுமா?

ஊசி பட்டால், கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்ற பேச்சு கிராமத்திலும் நகரத்திலும் ஒன்றுபோல இருக்கிறது. இதை நம்பிப் பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனை வேண்டாம் என்று திரும்பிவிட்டவர்கள், பல மாதம் கழித்துக் கட்டி வெளியே தெரியும்போது வருகிறார்கள். அதற்குள் நோய் தானாகவே பரவியிருக்கும், பழி ஊசிமேல் விழும். பயாப்ஸி செய்வதால் புற்றுநோய் உடம்பெங்கும் பரவுவதில்லை. அந்த இடம் மரத்துப்போக முதலில் ஊசி போடுவார்கள். பிறகு திசு எடுக்கும் கருவி ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ‘டக்’கென்று சத்தம் போடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் திடுக்கிட மாட்டீர்கள். பிறகு சில நாள் அந்த இடம் கன்றி நீலம் பாரிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

யாரிடம் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியை ஸ்கேன் கவரை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மாமியாருக்கு ரத்த அழுத்தம், மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, கணவருக்கு வெளியூரில் வேலை. யாரிடம் சொன்னாலும் யாரோ ஒருவர் உடைந்துபோவார் என்ற கணக்கு. கொதிக்கிற ரசத்தில் அவர் இரண்டாம் முறை உப்பு போட்டதைப் பார்த்துவிட்டு நாத்தனார்தான் கேட்டாள்: “என்ன அண்ணி, ரெண்டு நாளா நீங்க நீங்களாவே இல்லையே?” அடுப்பை அணைத்துவிட்டு அவர் சொன்னார். அந்தப் பெண் அழவுமில்லை, தைரியம் சொல்லவுமில்லை. “என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க? நான் லீவு போட்டுட்டு வர்றேன்” என்றாள். அன்றிரவுதான் தூங்கினேன் என்று ஆசிரியை என்னிடம் சொன்னார்.

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் ஊர் முழுக்கப் பரவும் ஆளிடம் சொல்லவே வேண்டாம். பதறாமல் கேட்கக்கூடிய ஒருவர் போதும். அக்காவோ, தோழியோ, அடுத்த வீட்டுக்காரரோ. கணவரிடம் சொல்லும்போது அவர் “ஒண்ணும் இருக்காது, சும்மா பயப்படாதே” என்று பேச்சை முடித்துவிடலாம். அக்கறையில்லாமல் அப்படிச் சொல்வதில்லை, அவருக்கும் பயம். “நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், கூட வந்தா போதும்” என்று கேளுங்கள். பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் அம்மாவுக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது என்ற அளவிலாவது சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் அவர்கள் அதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

பகலும் இரவும்

கவலைப்படாதே என்று மனதுக்கு உத்தரவு போட்டால் அது கேட்காது. அதற்கு ஒரு நேரம் ஒதுக்கிப் பாருங்கள். மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, மனதில் ஓடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வையுங்கள். எழுதியதில் பாதி, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக இருக்கும். அவற்றைத் தனிப் பக்கத்தில் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

படபடப்பு வரும்போது மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். சில நிமிடங்கள் செய்தால் இதயத் துடிப்பு தணியும். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். படுக்கும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். கோவிலுக்குப் போவது, பாட்டுக் கேட்பது, சாயங்காலம் நடப்பது என்று எது உங்களுக்கு வழக்கமோ அதை விடாதீர்கள்.

சாப்பிடவோ தூங்கவோ முடியாமல் பல நாட்கள் போனால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், தேதிவரை காத்திருக்காமல் உதவி கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

குறித்த நாளன்று

புடவையோ, மேல் பாதி தனியாகக் கழற்றக்கூடிய உடையோ வசதி. அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரன்ட் போடாதீர்கள்; படத்தில் அவை புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும். மேமோகிராமில் மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சில நொடிகள் அழுத்துவார்கள். வலிக்கும், ஆனால் சட்டென்று முடிந்துவிடும். இளவயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட்தான் முதலில். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் சொல்லிவிடுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, ஆண் மருத்துவர் பார்க்கும்போது பெண் நர்ஸ் உடனிருக்க வேண்டும் என்றோ கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

முடிவு வாங்கப் போகும்போது நிச்சயம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அந்த அறையில் முதல் வாக்கியத்துக்குப் பிறகு சொல்வது பலருக்குக் காதில் ஏறுவதில்லை. கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும். சாதுவான கட்டி என்றால், அதை எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா, மறுபடி எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். புற்றுநோய் என்றால், அடுத்த பரிசோதனை என்ன, சிகிச்சையை முடிவு செய்யப்போவது யார், காப்பீட்டில் எவ்வளவு அடங்கும் என்று கேளுங்கள். இரண்டில் எதுவானாலும், அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.