படம் மறைந்தபின் நிலைக்கும் இசை

பிறர் கதைக்கு இசை வகுப்பவன் கலைஞனா, வெறும் கைவினைஞனா என்பது மேலைநாட்டு இசையுலகில் நெடுங்காலமாக நிலவிவரும் வினா. அரங்கிற்கென்று இயற்றப்படும் இசை தன் இயல்பின்படி விரியும். தன் இயல்பின்படி ஒடுங்கும். திரைப்படத்துக்கென்று இயற்றப்படும் இசைக்கோ அவ்வுரிமை இல்லை. காட்சி நீளும் அளவுக்கு அது நீளவேண்டும். காட்சி முடியுமிடத்தில் முடியவேண்டும். இயக்குநர் கேட்டதைத் தரவேண்டும். தயாரிப்பாளர் ஒதுக்கிய பணத்துக்குள் அடங்கவேண்டும். நாயகன் பேசத் தொடங்கினாற் பின்னே ஒதுங்கவேண்டும். இத்துணைக் கட்டுக்களுக்கு உட்பட்டுப் பிறந்த இசை, படத்தை விட்டுப் பிரிந்த பின்னும் உயிர்வாழுமா? வாழும் என்பதற்கு நாம் காட்டத்தக்க சான்றாளருள் தலையாயவர் இத்தாலிய நாட்டவரான எனியோ மொரிக்கோனே. அவரைப் புதிதாகக் கேட்கப் புகும் அன்பர்களுக்கு ஒரு வழிகாட்டியாக இக்கட்டுரை அமைகிறது.

மொரிக்கோனே 1928 நவம்பர் 10ஆந் திகதி உரோம் நகரிற் பிறந்தார். 2020 யூலை 6ஆந் திகதி அந்நகரிலேயே மறைந்தார். தந்தையார் ட்ரம்பெற் ஊதிப் பிழைத்தவர். மைந்தரும் அக்கருவியையே முதலிற் பயின்றார். பின்னர் சாந்தா செசிலியா இசைக்கல்லூரியில் கொப்ரெடோ பெத்ராசி என்னும் பேராசிரியரிடம் இசை இயற்றும் முறையைக் கற்று, 1954இற் பட்டயம் பெற்றார். அக்கல்லூரி வட்டத்தில் திரையிசை இரண்டாந்தரத் தொழிலாகவே எண்ணப்பட்டது. வயிற்றுப்பாட்டின் பொருட்டு அத்துறையிற் புகுந்த தாம், ஆசிரியர் முன்னும் உடன்பயின்றோர் முன்னும் கூச்சமுற்றதைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஏறத்தாழ அறுபதாண்டு உழைப்பில் 400க்கு மேற்பட்ட படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இசை வகுத்தார். அரங்கிற்கென 100க்கு மேற்பட்ட ஆக்கங்களையும் இயற்றினார். முன்னையதைச் ‘சார்ந்த இசை’ என்றும், பின்னையதைத் ‘தனி இசை’ என்றும் பொருள்படும் பெயர்களால் அவர் வேறுபடுத்தி வழங்கினார்.

நானூறு என்ற தொகை புதியவரை மலைக்கச் செய்யும். அதனாற் பலர் ‘மொரிக்கோனேயின் சிறந்த இசை’ என்பது போன்ற தொகுப்பொன்றை எடுத்துத் தொடங்குவர். அது நல்ல தொடக்கமன்று. ஒரு காவியத்தின் உச்சக்கட்டங்களை மட்டும் வெட்டியெடுத்து அடுக்கினால், எதுவும் உச்சமாகத் தோன்றாது. அன்றியும், அத்தகைய தொகுப்புகள் பலவற்றில் உள்ளவை பிறர் வாசித்த மறுபதிப்புகள். 1968இல் அமெரிக்கரைப் பெரிதும் கவர்ந்து விற்பனைப் பட்டியலில் ஏறியது மொரிக்கோனேயின் மூலப் பதிவன்று. ஹியூகோ மொண்டனேக்ரோ என்பவர் அதே மெட்டைத் தம் குழுவுடன் வாசித்த பதிவே. மெட்டு ஒன்றுதான், ஆனால் மொரிக்கோனேயின் உயிர் மெட்டில் மட்டும் இல்லை. எந்த ஒலி, யாருடைய குரல், எவ்வளவு மௌனத்துக்குப் பின் அதனை எடுக்கிறது என்பதிலேயே அவர் கலை தங்கியிருக்கிறது. ஆதலால் மூலப் பதிவையே தேடுக. ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை கேட்க. படம் பாராமற் கேட்க.

முதலிற் கேட்கத்தக்கது 1966இல் வெளிவந்த ‘த குட், த பாட் அண்ட் த அக்ளி’. இயக்குநர் சேர்ஜியோ லியோனே, தொடக்கப்பள்ளியில் மொரிக்கோனேயுடன் படித்தவர். இருவரும் 1964இல் ‘எ பிஸ்ற்புல் ஒவ் டொலர்ஸ்’ என்ற படத்திற் சேர்ந்தபோது பெரும் பல்லியக் குழுவுக்குப் பணமில்லை. அக்குறையை மொரிக்கோனே வாய்ப்பாக மாற்றினார். சீழ்க்கை, சாட்டையின் வீச்சு, பட்டடையிற் சம்மட்டி விழும் ஓசை, மணி, மோர்சிங், மின் கிற்றார் ஆகியவற்றை இசையுறுப்புகளாக்கினார். அச்சீழ்க்கையும் கிற்றாரும் அலெசாண்ட்ரோ அலெசாண்ட்ரோனி என்பவருடையவை. இரண்டாண்டின் பின் வந்த 1966ஆம் ஆண்டுப் படத்தில் அம்முறை முதிர்ந்து நிற்கிறது. கோயோட்டி என்னும் காட்டு விலங்கின் ஊளையை ஒத்த ஒரு சிறு துணுக்கு. அதனை நல்லவனுக்குப் புல்லாங்குழலும், தீயவனுக்கு ஒக்கரீனா என்னும் மண்குழலும், மூன்றாமவனுக்கு மனிதக் குரலும் எடுக்கின்றன. மெட்டு ஒன்றாயிருக்க மாந்தர் மூவராகின்றனர். சொல்லால் ஒருவனை வருணிக்கப் புலவனுக்குப் பத்து வரி வேண்டும். இவர் ஒலியின் நிறத்தை மாற்றியே அதனைச் செய்துவிடுகிறார்.

அதே பதிவில் ‘தி எக்ஸ்ரசி ஒவ் கோல்ட்’ என்ற பகுதியைத் தனியே கவனிக்க. புதையலைத் தேடி ஒருவன் பெரும் இடுகாட்டிற் கல்லறைகளுக்கிடையே வெறிகொண்டு ஓடும் காட்சிக்குரியது அது. பியானோவின் சுழலும் சிறு தொடர் அடித்தளமாக, மேலே கோர் ஆங்கிலே என்னும் துளைக்கருவி எழ, அதற்கும் மேலே எட்டா டெல்லோர்சோ என்னும் பெண்மணியின் குரல் சொல்லின்றி உயர்கிறது. பேராசையின் காட்சிக்கு இசை பேராசையைப் பாடவில்லை; ஏறத்தாழ வழிபாட்டைப் பாடுகிறது. காட்சிக்கும் இசைக்கும் இடையிலுள்ள இம்முரணே அதன் சுவை.

இரண்டாவது, 1968இல் வந்த ‘வன்ஸ் அப்பொன் எ ரைம் இன் த வெஸ்ற்’. இதன் இசை படப்பிடிப்புக்கு முன்னரே இயற்றிப் பதிவுசெய்யப்பட்டது. லியோனே அதனைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கச்செய்து, நடிகரை அதன் நடைக்கேற்ப அசையவைத்தார். காட்சிக்கு ஏவல் செய்யப் பிறந்த இசை, ஈண்டுக் காட்சியை ஏவியது. எனினும் படத்தின் தொடக்கத்தில் நெடுநேரம் இசையே இல்லை. காற்றாடியின் கிரீச்சொலி, ஈயின் ரீங்காரம், சொட்டும் நீர் ஆகியவையே கேட்கின்றன. அம்மௌனத்தின் பின் வருவது மவுத்தோர்கனின் ஓலம். பிராங்கோ டி ஜெமினி வாசித்த அவ்வோலம் இனிமையானதன்று. மூச்சுத் திணறுபவனின் குரல் போன்றது. ஏன் அவ்வாறு ஒலிக்கிறது என்பது கதையின் முடிவிலேயே விளங்கும். ‘மான் வித் எ ஹார்மொனிக்கா’ என்ற பகுதியில் அவ்வோலத்தோடு கொடியவனுக்குரிய மின் கிற்றாரும் ஒரே இசையிற் கலக்கிறது. வேட்டையாடுபவனும் வேட்டையாடப்படுபவனும் ஒரே கயிற்றாற் பிணைக்கப்பட்டவர் என்பதைச் செவி முன்னரே அறிந்துகொள்கிறது.

மூன்றாவது, 1986இல் றோலண்ட் ஜொபே இயக்கிய ‘த மிஷன்’. 1750ஐ ஒட்டிய காலம், தென்னமெரிக்கக் காடு, அங்கு வாழ்ந்த குவாரனி மக்களிடையே இயேசு சபைத் துறவிகள். கதையில் வரும் துறவி ஒருவர் ஒபோ வாசிப்பவர், ஆகவே கருவியை மொரிக்கோனே தெரிவுசெய்யவில்லை, கதையே தந்துவிட்டது. காலமும் அணிமுறையை வரையறுத்தது. கோயிற் பாடலின் மரபு ஒருபுறம், அம்மக்களின் தாளம் மறுபுறம் என மேலும் இரு கட்டளைகள். ஒபோவின் மெட்டு, பல குரற் பாடல், தாளம் என்ற இம்மூன்றையும் முதலில் வெவ்வேறாகக் காட்டிப் பின், ‘ஒன் ஏர்த் அஸ் இற் இஸ் இன் ஹெவன்’ என்னும் பகுதியில் ஒன்றன்மேலொன்றாக அமைக்கிறார். ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை; மூன்றும் மூன்றாகவே நின்று ஒன்றாகின்றன. அக்கதையில் அரசுகளின் பேராசையால் அழிந்துபோகும் ஒற்றுமை இசையில் மட்டும் அழியாது நிற்கிறது. கட்டளைகள் கலையை நெரிக்கும் என்போர்க்கு இப்பதிவே தக்க விடை.

இம்மூன்றையும் கேட்டபின், ஒன்றற்கொன்று நேர்மாறான இரண்டு. 1984ஆம் ஆண்டின் ‘வன்ஸ் அப்பொன் எ ரைம் இன் அமெரிக்கா’ கழிந்த வாழ்வை எண்ணி ஏங்குவது. கியோர்கே சம்பீர் வாசிக்கும் பான் குழலும், ‘டெபோராஸ் தீம்’ என்ற பகுதியில் நரம்புக் கருவிகளின் வாக்கியங்களுக்கிடையே விடப்படும் நீண்ட இடைவெளிகளும் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இலக்கணமாகத்தக்கவை. 1970இல் எலியோ பெத்ரி இயக்கிய, ‘ஐயத்துக்கு அப்பாற்பட்ட குடிமகன் மீதான விசாரணை’ என்று பெயர்பெயர்க்கத்தக்க இத்தாலியப் படத்தின் இசையோ எள்ளலே உருவானது. தானே கொலைசெய்து தன்னை எவரும் பிடிக்கமாட்டார் என்று செருக்கும் பொலிஸ் அதிகாரி அப்படத்தின் நாயகன். மண்டலினும் மோர்சிங்கும் நொண்டி நொண்டி அவன் பின்னே நடக்கின்றன. பெருமிதத்தை நகையாக்குவது எவ்வாறு என்பதை இதிற் கற்கலாம்.

எல்லாம் சமதரமானவை என்று சொல்வதற்கில்லை. நானூறு ஆக்கங்களுள் விரைந்து செய்தவை உள. தம்மையே மீண்டும் சொல்பவை உள. பிற்காலத்திற் பெரும் பல்லியக் குழுக்கள் வாசித்த பதிவுகளில் அழகு கூடினும், பழைய கரடுமுரடு தேய்ந்துவிடுகிறது. ஆயினும் 2004இல் செலோ வித்தகர் யோ-யோ மா வாசிக்க, மொரிக்கோனேயே திருத்தியமைத்து நெறிப்படுத்திய பதிவு விதிவிலக்கு. மெட்டுக்களின் எலும்புக்கட்டு எத்துணை உறுதியானது என்பதை அது காட்டும்.

இறுதியாகவே அவருடைய ‘தனி இசை’க்குச் செல்க. 2001 செப்ரெம்பர் 11ஆந் திகதி அமெரிக்காவில் நிகழ்ந்த பேரழிவின் பின், 2002இல் அவர் இயற்றிய ‘மௌனத்திலிருந்து எழும் குரல்கள்’ என்று பொருள்படும் ஆக்கத்தை முதலிற் கேட்கலாம். புதியவருக்கு அது கடினமாகத் தோன்றும். ஆனால் இங்கும் மௌனத்துக்குப் பின் ஒரு குரல் எழுவதையும், ஒலியின் நிறமே பொருளாவதையும் முன்னைய பதிவுகளிற் பழகிய செவி உடனே இனங்கண்டுகொள்ளும். சார்ந்ததும் தனித்ததும் ஒரே கையினின்று வந்தவை என்பது அப்போது தெளிவாகும். 2007இற் சிறப்பு ஒஸ்காரும், 2016இல், தமது 87ஆம் வயதில், ‘த ஹேற்புல் எய்ற்’ படத்துக்குப் போட்டி ஒஸ்காரும் அவருக்குக் கிடைத்தன. இளமையில் உற்ற கூச்சத்துக்கு உண்மையான மறுமொழி அவ்விருதுகள் அல்ல. படத்தை ஒருபோதும் பார்த்திராதவரும் விரும்பிக் கேட்கும் இசையே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘த மிஷன்’ படத்தின் ‘கேபிரியல்ஸ் ஒபோ’ என்ற பகுதி மூன்று நிமிட அளவுகூட இல்லை. படத்தின் பெயரையோ கதையையோ சொல்லாமல் அதனை வகுப்பில் ஒருமுறை ஒலிக்கச் செய்க. எத்தகைய இடம், எத்தகைய மனிதர், என்ன நேர்கிறது என்று மாணவரை எழுதச் சொல்க. பின்னர் கதையைக் கூறி, அவர்கள் எழுதியதோடு ஒப்பிடுக. திரையிசை தனித்து நிற்குமா என்ற வினாவுக்கு, நம் கட்டுரையினும் அவ்வேடுகள் தெளிவாக விடை சொல்லும்.